ஹார்டெஸ்டி சாவடி வாக்குகள்

ஜாக்சன்
14 செப்டம்பர் 1992

அன்புள்ள எர்லீன் அக்காவுக்கு,

உன் தங்கை மார்வெல்லா எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். பழைய காகிதத் தூசியில் தலைவலி மட்டும் வந்து வந்து போகிறது. உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? அத்தானின் முழங்கால் இப்போதாவது ஏணி ஏற விடுகிறதா?

போனில் கூப்பிட்டால் "ஆபீஸ்ல இருக்கேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு பெரிய வேலை கொடுத்திருக்கிறார்கள். 1971 முதல் நம் மாநிலத்தில் நடந்த எல்லாத் தேர்தல்களிலும் எந்தச் சாவடியில் யார் எத்தனை வாக்கு வாங்கினார் என்பதைக் கணிப்பொறியில் ஏற்றுகிறோம். முடிந்ததும் அது பொதுச் சொத்து. வக்கீல், வாத்தியார், கெளுத்தி மீன் வளர்க்கிறவர், யார் கேட்டாலும் ஃபிளாப்பியில் போட்டுக் கொடுப்போம். இதுவரை இப்படி ஒன்று மிஸ்ஸிஸிப்பியில் கிடையாது. மாநிலத்தின் எண்பத்திரண்டு கவுண்டிகளிலும் தேர்தல் தாள்களை எண்பத்திரண்டு விதமாக வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் அவை சிறையறைக்குள் இருந்தன. படுத்திருந்த கைதியைக் கொஞ்சம் நகரச் சொல்லி எடுத்தோம்.

இதற்குத் தலைமை நான்தான். பத்திரிகையில் வந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பேட்டியில் உன்னைப் பற்றியும் சொன்னேன், "எங்க அக்காவும் கவுண்டி கிளார்க் ஆபீஸ்லதான் போன் எடுக்கிறாங்க" என்று. இடமில்லாமல் அதை வெட்டிவிட்டார்கள்.

நம் ஹார்லோ கவுண்டியின் தாள்களை நீ எடுத்து அனுப்பினால் எனக்கு ஒரு பயணம் மிச்சமாகும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
மார்வெல்லா


பெல்மார்
29 செப்டம்பர் 1992

அன்புள்ள மார்வெல்லா,

கடிதம் கிடைத்தது. இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு இருக்கிறது. ஓடெலின் முழங்கால் ஏணியைப் பார்த்தாலே வலிக்கிறது. தலைவலிக்கு வெந்நீரில் துணி நனைத்துப் போடு.

உன் படத்தை ஓடெல் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினார். பால் எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் கார்மெல் சபையில் லவீனியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏ எர்லீன், உன் தங்கச்சி என்னமா பேசியிருக்கா! நீயும் அங்க போயிருந்தா இப்படி ஆகியிருப்பல்ல?" என்றாள். பல் தெரியச் சிரித்தேன். நீலச் சட்டை உனக்குப் பொருத்தமாக இருந்தது.

போன் எடுப்பது கார்லா என்ற சிறுபெண். இருபத்தொரு வருஷமாக நான் பார்ப்பது தேர்தல் வேலை.

உனக்கு வேண்டிய பழைய தாள்கள் இங்கே இல்லை. 1983 ஏப்ரலில் ஆறு உள்ளே வந்தபோது கோர்ட்டுக் கட்டடத்தின் கீழறை முழுகிப்போனது. 71, 75, 79 மூன்றும் கூழாகி, மண்வெட்டியால் அள்ளி வண்டியில் ஏற்றினோம். அதற்குப் பிந்திய தாள்களுக்கு முறைப்படி விண்ணப்பம் அனுப்பு. கிளார்க் திரு. பிராக் கையெழுத்துப் போட்டால் நகல் எடுத்துத் தருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எர்லீன்


ஜாக்சன்
8 அக்டோபர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

துணி நனைத்துப் போட்டேன். வலி குறைந்தது. அத்தானுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வெள்ளத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். பச்சை அட்டை நோட்டுகளைப் பற்றி எழுதவில்லையே? உன் சமையலறை அலமாரியில் சோளமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று நோட்டுகள் இருக்கும். ஒவ்வொரு எண்ணிக்கையையும் நின்றுகொண்டே அதில் எழுதுவாய். ஒருமுறை நான் அதில் மளிகைப் பட்டியல் எழுதப் போய், கையில் அடி வாங்கினேனே!

அக்கா, அவை இல்லாவிட்டால் எண்பத்திரண்டில் ஹார்லோ மட்டும் ஓட்டையாக நிற்கும். அதுவும் என் சொந்தக் கவுண்டி. மேலே இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எனக்காகக் கொடு. அடுத்த வாரமே நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மார்வெல்லா


பெல்மார்
11 டிசம்பர் 1992

அன்புள்ள மார்வெல்லா,

பதில் தாமதமாகிவிட்டது. நவம்பர் தேர்தல் என்னை அரைத்து எடுத்துவிட்டது. களிம்பு கிடைத்தது. நாற்றம் தாங்காமல் நாய் வராந்தாவுக்குப் போய்ப் படுக்கிறது, ஆனால் வலிக்குக் கேட்கிறது என்கிறார்.

நோட்டுகள் இருக்கின்றன. மறக்கவில்லை.

நான் ஏன் எழுத ஆரம்பித்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. 1971-ல் முதல் எண்ணிக்கைக்கு என்னை உள்ளே விட்டார்கள். கரும்பலகையில் சாவடி சாவடியாக எண்களை எழுதினார்கள். மறுநாள் காலை பலகை துடைக்கப்பட்டிருந்தது. "ஏங்க, இதை யாரும் எழுதி வெச்சுக்க மாட்டீங்களா?" என்றேன். "எதுக்கு எர்லீன், யாரு ஜெயிச்சான்னுதான் தெரிஞ்சு போச்சே" என்றார்கள். அன்று மத்தியானமே நோட்டு வாங்கினேன். தாள்களையெல்லாம் இன்னொரு முறை பார்த்து எழுதினேன். அதன் பிறகு ஒரு எண்ணிக்கையையும் விட்டதில்லை.

நோட்டுகள் வீட்டு வாசலைத் தாண்டாது. நானே தட்டச்சு செய்து அனுப்புகிறேன். 1971, 1975 இதோடு வைத்திருக்கிறேன். 1979 பிறகு.

ஒன்று கேட்க வேண்டும். உன் பட்டியலில் இதை யார் கொடுத்ததாகக் குறிப்பீர்கள்?

கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா?

எர்லீன்


ஜாக்சன்
4 ஜனவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். கிறிஸ்துமஸுக்கு வர முடியாமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வருஷக் கடைசி அறிக்கை என் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. உன் பீக்கன் கேக்கைப் பங்கு போட்டு அலுவலகமே சாப்பிட்டது. நீங்கள் இருவரும் நலந்தானே?

71-ம் 75-ம் அருமை. அக்கா, உன் தட்டச்சில் ஒரு பிழைகூட இல்லை. எங்கள் இயக்குநர் குழுவில் எடுத்துக் காட்டியபோது, "மார்வெல்லா, இதை எப்படிப் பிடிச்சீங்க!" என்று எழுந்து கை கொடுத்தார்கள்.

நீ கேட்டதற்குப் பதில்: 'ஆதாரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'ஹார்லோ கவுண்டி கிளார்க் அலுவலகம்' என்று வரும். தனி ஆள் பெயர் போட இடமில்லை. படிவம் அப்படி. நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். பேருக்கு ஆசைப்படுகிற ஆளா நீ?

மே மாதம் டிவிக்காரர்களைக் கூப்பிட்டு வெளியீட்டு விழா வைக்கிறோம், 1979-ஐச் சீக்கிரம் அனுப்பு.

அன்புத் தங்கை,
மார்வெல்லா


ஜாக்சன்
22 மார்ச் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? ஜனவரிக் கடைசியில் 1979 தாள்கள் வந்தன. உறைக்குள் ஒரு வரிகூட இல்லை. வேலை அவசரத்தில் அனுப்பினாய் போலும். அதற்குப் பிறகு நான் எழுதிய இரண்டு அட்டைகளுக்கும் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? சொல்லிவிடு, மறைக்காதே.

இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மே 15 அன்று வெளியீட்டு விழா. டிவிக்காரர்கள் வருகிறார்கள். முதல் வரிசையில் உனக்கும் அத்தானுக்கும் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா.

அதற்கு முன்பே நம் வேலைக்குப் பயன் வந்துவிட்டது. நம் கறுப்பினத்தவரில் போதகர் டில்லரியும் இன்னும் பத்துப் பேரும் ஹார்லோ கவுண்டி மேல் போட்டிருக்கும் வழக்கு உனக்கே தெரிந்திருக்கும். நம் பக்கத்துத் தெருக்களை மூன்று துண்டாக்கி மூன்று தொகுதியில் சேர்த்துவிட்டார்களே, அந்த வரைபடத்தை எதிர்த்து. மே 4 அன்று விசாரணை. இருபது வருஷமாக வெள்ளைக்காரச் சாவடிகளில் நம்மவர் யாருக்கும் அநேகமாக வாக்கு விழுந்ததே இல்லை, அதனால் தெருக்களைப் பிரித்தால் நமக்கு ஆளே கிடைக்காது என்று எங்கள் எண்களை வைத்து நிரூபிக்கப் போகிறார்கள்.

ஒரே ஒரு முள். 1979-ல் டில்லரி தேர்தலில் நின்றபோது, ஹார்டெஸ்டி சாவடி. அங்கே நம்மவர் ஒரு குடும்பம்கூடக் கிடையாது. ஆனால் டில்லரிக்கு 41 வாக்கு! கவுண்டியின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளைக்காரங்க போடத்தானே செஞ்சிருக்காங்க? ஆளு சரியில்ல, தோத்தாரு, அவ்வளவுதான்" என்று வாதாடப் போகிறாராம். டில்லரியே அந்த எண்ணைப் பார்த்து, "நாப்பத்தொண்ணா? எனக்கா?" என்று வெகுநேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன், "எங்க அக்கா எண்ணு தப்பாது" என்று.

பதில் போடு.

மார்வெல்லா


பெல்மார்
27 மார்ச் 1993

அன்புள்ள மார்வெல்லா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஓடெல் வேலி அடிக்கிறார். கீரை விதைத்திருக்கிறோம். லவீனியாவின் மகன் படையிலிருந்து வந்திருக்கிறான். சபையின் கூரை ஒழுகுகிறது, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு வாளிகளுக்கு நடுவில் நின்று பாடியது. கார்லா கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள்.

உன் கணிப்பொறியில் ஏற்றிவிட்ட ஒரு எண்ணை இப்போது மாற்ற முடியுமா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

எர்லீன்


பெல்மார்
29 மார்ச் 1993

மார்வெல்லா,

நேற்று முன்தினம் அனுப்பிய கடிதத்தைக் கிழித்துப் போடு. அதில் கீரையையும் கூரையையும் பற்றி எழுதினேன். எழுத வேண்டியதை எழுதவில்லை.

ஹார்டெஸ்டியில் டில்லரி வாங்கியது பதினான்கு. நாற்பத்தொன்று அல்ல. கை தவறி அடித்தது அல்ல. வேண்டுமென்றே திருப்பிப் போட்டேன்.

உன் ஜனவரிக் கடிதம் வந்த அன்று சாயங்காலம், 'பேருக்கு ஆசைப்படுகிற ஆளா நீ' என்ற வரியை நாலைந்து முறை படித்தேன். ஆமாம் மார்வெல்லா, ஆசைப்படுகிற ஆள்தான். என் நோட்டைக் காட்டி உனக்குக் கை கொடுக்கிறார்கள். நான் போன் எடுக்கிறவள். ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். விழாவில் உன் டிவிக்காரர்கள் முன்னால் நீ நின்று பேசும்போது, நான் எழுந்து, பையிலிருந்து நோட்டை எடுத்து, "அது தப்பும்மா, பதினாலு" என்று சொல்ல வேண்டும். 'யார் இந்தப் பெண்?' என்று எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும். உன் முகம் சிவக்க வேண்டும். அதற்காக ஒரு பழுப்பு நிற உடைகூட எடுத்து வைத்திருந்தேன். இரண்டு மாதம் அந்த நினைப்பிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

எத்தனையோ எண்கள் இருக்க, இதை ஏன் எடுத்தேன் தெரியுமா? எந்தக் காலத்திலும் மறக்காத எண் அதுதான். அன்றைக்குக் கோர்ட்டுக் கட்டடத்தில் "ஹார்டெஸ்டி, டில்லரி, பதினாலு" என்று வாசித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "பதினாலா? எவன்டா அந்தப் பதினாலு பேரு, பேரைச் சொல்லுங்கடா பாப்போம்!" என்றான். கூடமே சிரித்தது. டில்லரி கதவோரம் நின்றிருந்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனார். நான் குனிந்து 14 என்று எழுதினேன். அந்தப் பதினான்கு பேர் யார் என்று இன்றும் தெரியாது. அவர்களை நாற்பத்தொரு பேராக்கி அந்த வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.

வழக்கு வருமென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு எண்ணை மாற்றியிருப்பேனோ என்னவோ. பொய் சொல்ல விரும்பவில்லை.

என்ன செய்ய வேண்டுமோ சொல்.

எர்லீன்


ஜாக்சன்
19 ஏப்ரல் 1993

அக்கா,

மூன்று வாரமாக உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதைப் படித்திருந்தால் நீ என் முகத்தில் விழித்திருக்க மாட்டாய்.

என்ன காரியம் செய்தாய்! ஒரு எண் தவறு என்று தெரிந்தால் எண்பத்திரண்டு கவுண்டிகளையும் யார் நம்புவார்கள்? எட்டு மாதம் அந்தத் தூசியில் கிடந்தேன். என்னை விடு. டில்லரிக்கு எழுபத்து நான்கு வயது. அவரிடம் நான் போய்ச் சொன்னேன். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "பதினாலுதான். எனக்கு அப்பவே தெரியும். ஆனா பேப்பர்ல நாப்பத்தொண்ணுன்னு பாத்தப்போ மனசு கொஞ்சம் குளிர்ந்துச்சும்மா" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

இனி என் பங்கு. மற்ற எண்பத்தோரு கவுண்டிகளுக்கும் அந்தக் காலத்துச் செய்தித்தாளில் வந்த மொத்தத்தோடு ஒத்துப் பார்த்தோம். ஹார்லோவை மட்டும் பார்க்கவில்லை. "அது எங்க அக்கா போட்டது, பாக்க வேண்டாம்" என்று நான்தான் சொன்னேன். பார்த்திருந்தால் இருபத்தேழு வாக்கு அதிகமென்று கணக்கு உதைத்திருக்கும்.

இன்னொன்று. 'படிவம் அப்படி' என்று எழுதினேன். அந்தப் படிவத்தை வரைந்ததே நான். பெயருக்கு ஒரு கட்டம் சேர்க்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

ஏன் சேர்க்கவில்லை என்றால், 1971 ஜூன். கல்லூரியில் கணக்கில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, "கோர்ட்டு ஆபீஸ்ல நம்மாளுங்கள்ல முதல் ஆளா எர்லீன் கவுண்டருக்குப் பின்னால நிக்கிறா, வா பாக்கலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நம் தெருவே வரிசையில் நின்று, ஒன்றும் வாங்குவதற்கில்லாமல், உன்னைப் பார்த்துவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நிற்கச் சொன்னார்கள். உன்னை. அந்தப் பதக்கம் அன்றைக்கு என் பையிலேயே இருந்தது. இன்றும் பெல்மாருக்கு வந்தால் நான் எர்லீனின் தங்கைதான். பேட்டியில் போன் எடுக்கிறாள் என்று நான் வாய் தவறிச் சொல்லவில்லை அக்கா.

வக்கீல் சொல்வது இது: தாளை மட்டும் திருத்தினால் எதிர்த்தரப்பு சும்மா விடாது. நீ நோட்டுகளோடு வந்து, கூண்டில் ஏறி, மாற்றியது நான்தான் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். எதிர் மேசையில் பிராக் உட்கார்ந்திருப்பார். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே முடிவு செய்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்திலும் இதைக் கேட்கத்தான் தோன்றுகிறது.

மார்வெல்லா


பெல்மார்
10 மே 1993

அன்புள்ள மார்வெல்லா,

நான் நலம். மாத்திரையை இரண்டாக்கியிருக்கிறார்கள்.

சாட்சிகள் ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்கக்கூடாது என்று உன்னை நடைபாதையில் உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. மற்றவர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்று நோட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழுப்பு உடையைத்தான் போட்டிருந்தேன். வேறு நல்ல உடை இல்லை. கவுண்டியின் வக்கீல் மிகவும் மரியாதையாகத் தொடங்கினார்.

"அம்மா, பொய்யான எண்ணை அடிச்சு அனுப்புனது நீங்கதானே?"

"ஆமாங்க."

"ஏன்னு கோர்ட்டுக்குச் சொல்லுவீங்களா?"

"என் தங்கச்சி மேல பொறாமை."

பின்னால் சிரிப்பு. நீதிபதி, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா, எழுதுறவருக்குக் கேக்கணும்" என்றார்.

"பொறாமைன்னேன் ஐயா. தங்கச்சி மேல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் இன்னும் கிட்டே வந்தார். "அப்போ உங்க பேரு வரணும்னா என்ன வேணா எழுதுவீங்க. இந்த நோட்டுல மட்டும் உண்மைதான் இருக்குன்னு நாங்க எப்படி நம்புறது?"

"நோட்டு எழுதுறப்போ எனக்கு யாரு மேலயும் பொறாமை இல்லீங்க. அப்ப அவ படிச்சுக்கிட்டிருந்தா. அதுவுமில்லாம அப்ப வந்த செய்தித்தாள்லயே மொத்தம் வந்திருக்கு, கூட்டிப் பாருங்க."

நம் வக்கீல் 1979 நவம்பர் செய்தித்தாளை எடுத்துக் கொடுத்தார். டில்லரி மொத்தம் 602. நீதிபதி நோட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தானே பென்சிலால் எட்டுச் சாவடிகளையும் கூட்டினார். "அறுநூத்தி ரெண்டு" என்றார். பிறகு நாற்பத்தொன்றைப் போட்டுக் கூட்டினார். "அறுநூத்தி இருபத்தொம்பது. அப்போ அம்மா சொல்றது சரி. நோட்டு நிக்குது." 71-ஐயும் 75-ஐயும்கூட அப்படியே கூட்டிப் பார்த்தார். எல்லாம் நின்றது.

பிராக் என்னைப் பார்க்கவே இல்லை. தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது பெஞ்சில் நீ இல்லை. வேறு கதவு வழியாக உன்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்களாம். இருந்திருந்தால் என்ன பேசியிருப்போமோ. ஓடெல்தான் காரை ஓட்டினார். ஆற்றுப்பாலம் தாண்டிய பிறகு, "அவ்ளோ சத்தமாவாடி சொல்லுவ?" என்றார். அவ்வளவுதான்.

இன்று காலை பிராக் கூப்பிட்டார். "எர்லீன், இனிமே உன்னை எப்படி நம்பி வேலை குடுக்கிறது?"

"நோட்டு எழுதினதுக்கா, மாத்தினதுக்கா சார்?"

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டுக்குந்தான்" என்றார்.

மேசையைக் காலி செய்துவிட்டேன். மூன்று பெட்டி. கார்லா அழுதாள். கவுண்டருக்கு வெளியே வந்து நின்றபோது, இருபத்திரண்டு வருஷத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்த அறையை நான் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது. உள்ளே இருப்பதைவிடச் சிறியதாக இருக்கிறது.

15-ம் தேதி விழாவுக்கு வரவில்லை. கோபம் இல்லை. உனக்குக் கைதட்டுவதைப் பார்க்க இப்போது என்னால் முடியாது. உண்மையைச் சொல்லிப் பழகிவிட்டேன்.

அந்தப் பதக்கத்தை ஒருநாள் காட்டு.

எர்லீன்


ஜாக்சன்
2 ஆகஸ்ட் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அத்தானுக்கு இன்னொரு டப்பா களிம்பு. நாயிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

தீர்ப்பு உனக்கு முன்பே தெரிந்திருக்கும். நீதிபதி வரைபடத்தைத் தள்ளிவிட்டார். நம் தெருக்கள் ஒரே தொகுதியில் வரும்படி புதிதாக வரையச் சொல்லியிருக்கிறார். டில்லரி நிற்கப்போவதில்லையாம். "என்னால நிக்கவே முடியல, எங்க தேர்தல்ல நிக்கிறது" என்கிறார். அவர் மகள் நிற்கிறாள்.

விழாவில் நானே திருத்தத்தைச் சொன்னேன். ஒரு நிருபர், "அப்போ எங்களுக்கு இதுல என்ன நம்பிக்கை?" என்று கேட்டார். தவறு நடந்தால் வெளியே சொல்கிறோம் என்பதுதான் நம்பிக்கை என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

படிவத்தில் புதுக் கட்டம் சேர்த்துவிட்டேன். இனி யார் ஹார்லோவைத் திறந்தாலும் இப்படி இருக்கும்: '1971 முதல் 1979 வரை: எர்லீன் பேட்டில் என்பவர் கைப்பட எழுதிய நோட்டுகள். 1979 ஹார்டெஸ்டி சாவடி எண் முதலில் தவறாகத் தரப்பட்டது, தந்தவரே திருத்தினார்.' காரணம் எழுதவில்லை. உன் காரணத்தை எழுதினால் என்னுடையதையும் எழுத வேண்டியிருக்கும்.

மற்றக் கவுண்டிகளிலும் பெயர் கேட்டு எழுதினோம். இதுவரை முப்பத்தொரு பெயர்கள் வந்திருக்கின்றன. கட்டடம் பெருக்குகிறவர் ஒருவர், ஷெரீஃபின் மாமியார் ஒருத்தி.

இன்னும் ஏழு கவுண்டிகளில் ஓட்டை இருக்கிறது. தாள்கள் ஆபீசில் இல்லை, யார் யார் வீட்டிலோ இருக்கின்றன. வீடு வீடாகப் போய்க் கேட்க எங்களுக்கு ஆள் வேண்டும். வருகிறாயா? எனக்குக் கீழே வேலை பார்ப்பதாக இருக்கும். அதை எழுதும்போது எனக்கு உள்ளே லேசாக இனிக்கிறது. மறைக்கவில்லை.

முதலில் கேரோ கவுண்டி. அங்கே மெக்ரே என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள். அவள் கணவர் முப்பது வருஷம் தேர்தல் ஆணையராக இருந்தவர். எல்லாத் தாள்களும் அவள் வீட்டில்தான் இருக்கின்றன. இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் முகத்தில் கதவைச் சாத்தினாள்.

அன்புத் தங்கை,
மார்வெல்லா


பெல்மார்
19 செப்டம்பர் 1993

அன்புள்ள மார்வெல்லா,

இங்கே எல்லோரும் நலம். உன் தலைவலி இந்த மாதம் எப்படி?

உனக்குக் கீழே வேலை பார்ப்பதா என்று ஒரு மாதம் யோசித்தேன். ஓடெல் தினமும் சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "போறியா இல்லியா? வீட்டுல உக்காந்து என் வேலிக்கம்பத்த எண்ணிக்கிட்டிருக்க" என்று கேட்டார். வியாழக்கிழமை கேரோவுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

திருமதி மெக்ரேவுக்கு எண்பது வயது. கம்பி வலைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "யூனிவர்சிட்டியா? அந்த நீலச் சட்டைக்காரிகிட்டயே சொல்லிட்டேன், இங்க ஒண்ணும் இல்லன்னு" என்றாள்.

"நான் ஹார்லோவிலிருந்து வர்றேங்க. எர்லீன் பேட்டில்."

கதவை மூடப் போனவள் நின்றாள். "கோர்ட்டுல ஏறி நின்னு, நான் பொய் எழுதினேன்னு சொன்ன பொம்பளையா?"

"நான்தாங்க."

"பேப்பர்ல படிச்சேன்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என் வீட்டுக்காரர் எழுதி வெச்சதுலயும் ரெண்டு இடத்துல அப்படி இருக்கு. அவரு சாகறதுக்கு முன்னால எங்கிட்ட சொன்னாரு. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்." கொக்கியை எடுத்தாள். "உள்ள வாம்மா. பால் கலந்த டீ இருக்கு, இல்ல ஐஸ் போட்டது வேணுமா?"

ஐஸ் போட்டதே குடித்தேன். பதினோரு பெட்டிகள். காரின் பின்சீட்டு அமுங்கிப் போயிற்று. அந்த இரண்டு இடங்களையும் அவளே விரல் வைத்துக் காட்டினாள். எந்த வருஷம், எந்தச் சாவடி, யார் கேட்டுக்கொண்டு மாற்றினார் என்று. நான் எழுதிக்கொண்டேன். படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை பெட்டிகளோடு ஜாக்சன் வருகிறேன். இரண்டு தடவை உனக்குத் திறக்காத கதவு எனக்கு ஒரே தடவையில் திறந்தது. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உனக்குக் கொஞ்சம் எரிந்தால் எனக்குச் சொல்லு, சந்தோஷப்படுவேன்.

உன் அக்கா,
எர்லீன்